புல்டாக் என்றொரு பெயர்: மறைத்து ஏந்திய பெருவிட்ட ரிவால்வரின் வரலாறு

தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படும் அமெரிக்கர் இன்று மூன்று கேள்விகளை எதிர்கொள்கிறார். உடைக்குள் வெளித்தெரியாமல் அடங்குமா? குண்டு போதிய கனமுடையதா? அவசரத்தில் தடையின்றி இயங்குமா? இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுபவை. குழல் குறுகினால் குண்டின் வேகம் குறையும். குண்டு பருத்தால் அதைத் தாங்கும் உருளை தடிக்கும். எடையைக் குறைத்தால் பின்னுதைப்பைக் கை தாங்காது. இம்முரண்பாட்டுக்குச் சொல்லப்பட்ட பழைய விடைகளுள் ஒன்றுதான் குறுங்குழலும் ஐந்து தோட்டா அறைகளும் பருத்த குண்டும் கொண்ட சிறு ரிவால்வர். 1872 முதல் அதற்கு வழங்கிவரும் பெயர் 'புல்டாக்'.

பெயர், பொறியமைப்பு, சட்டம் ஆகிய மூன்று வழிகளிலும் இக்கருவியின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பது இப்பதிவின் நோக்கம். கடை மேசையின் முன் நின்று ஒருவர் செய்யும் தேர்வு அவருடைய தனிப்பட்ட தேர்வாகவே தோன்றுகிறது. ஆனால் யாருடைய மறைப்பை நம்பலாம், யாருடைய மறைப்பைத் தண்டிக்க வேண்டும் என்ற தேர்வை அவருடைய சமூகம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறது. அந்த முன்தேர்வைப் பேசாத துப்பாக்கி வரலாறு வெறும் பொருட்பட்டியலாகவே நின்றுவிடும்.

கொச்சைச் சொல்லிலிருந்து வணிகப் பெயருக்கு

ஆங்கிலத்தில் 'புல்டாக்' என்பது கைத்துப்பாக்கியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக வெப்லி நிறுவனத்துக்கு வெகுகாலம் முன்பே வழங்கிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதி அப்பொருளைப் பதிவு செய்திருக்கிறது. குட்டையான உடல், பருத்த வாய், கவ்வினால் விடாத பிடி என்னும் உவமை வெளிப்படையானது. பர்மிங்காமைச் சேர்ந்த பிலிப் வெப்லி நிறுவனம் 1872இல் தன் புதிய சட்டைப்பை ரிவால்வருக்குப் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று பெயரிட்டபோது, தெருவில் கிடந்த சொல்லை எடுத்துத் தன் இரும்பின்மேல் பொறித்துக்கொண்டது.

அப்பெயர் அந்நிறுவனத்தின் கையில் நிலைக்கவில்லை. பெல்ஜியத்தின் லீயேஜ் நகரப் பட்டறைகள் அதே வடிவத்தை மலிவு விலையில் வார்த்துத் தள்ளின. அமெரிக்காவில் ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வர்த், ஐவர் ஜான்சன் போன்ற நிறுவனங்களும் 'புல்டாக்' என்ற பெயரிலேயே விற்றன. சில பத்தாண்டுகளில் ஒரு நிறுவனத்தின் பெயர் ஒரு வகையின் பொதுப்பெயராயிற்று.

இதே மாற்றத்துக்கு முந்தைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர், உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கிகளைச் செய்தவர். அவையும் அளவிற் சிறியவை, குழல்விட்டத்தில் பெரியவை. அவருடைய பெயரையே பொறித்துப் பிறர் போலிகளை விற்றதால் தொடுக்கப்பட்ட வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1865இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க வணிகக் குறிச் சட்டத்தின் தொடக்ககால வழக்குகளுள் அது ஒன்று. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட துப்பாக்கியும் டெரிஞ்சர் செய்ததே. அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை 'ர'கரத்துடன் எழுதினார். பொதுவழக்கோ அதை இரட்டித்து, ஒரு வகைக்கான பொதுச்சொல்லாக்கிக்கொண்டது. நீதிமன்றத்தில் வென்ற பெயர் அகராதியில் தோற்றது எனலாம்.

ஐந்து அறைகள் ஏன்?

பிரிட்டிஷ் புல்டாக்கின் குழல் இரண்டரை அங்குலம், அதாவது ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழல்விட்டமோ 0.442, 0.450 அங்குலம் என்ற அளவுகளில் அமைந்தது. 11 மில்லிமீட்டருக்கும் மேல். அக்காலப் படை அதிகாரிகளின் இடுப்புத் துப்பாக்கிக்கு நிகரான விட்டம் இது. ஆறு அறைகள் வைத்தால் உருளை தடித்துச் சட்டைப்பையைப் புடைக்கச் செய்யும். ஆகவே ஐந்தோடு நிறுத்தினார்கள். கைப்பிடியின் அடியை வளைத்துக் குறுக்கினார்கள். துணியில் சிக்காமல் வெளிவர அவ்வடிவம் உதவியது. விசையை இழுத்தாலே சுத்தி உயர்ந்து விழும் இரட்டை இயக்கம் அதில் இருந்தமையால், சுத்தியைக் கட்டைவிரலால் தனியே பின்னிழுக்கத் தேவையில்லை.

பருத்த குண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் அக்கால வெடிமருந்து. குறுகிய குழலில் கருமருந்தால் குண்டுக்கு மிகுந்த வேகம் தர இயலாது. வேகத்தைப் பெற முடியாதபோது எடையைக் கூட்டுவதே எஞ்சிய வழி. ஏறத்தாழ 14 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு, வினாடிக்கு 200 மீட்டர் அளவிலான வேகத்தில் சென்றது. மேசைக்கு அப்பால் நிற்பவரை, ரயில் பெட்டியின் எதிர் இருக்கையில் இருப்பவரைக் கருதிச் செய்த கருவி இது. தொலைவிலுள்ள இலக்கு அதன் வடிவமைப்பிலேயே இடம்பெறவில்லை.

சிறுத்த உருவமும் பருத்த வாயும் கொண்ட இக்கருவியை வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரவாசிகளும் பயணிகளும். முன்பின் அறியாதவர்களோடு ஒரே பெட்டியில் இரவைக் கழிப்பது ரயில் யுகம் தந்த புதிய அனுபவம். அந்த அச்சத்துக்கான சந்தைதான் புல்டாக்கின் சந்தை. சைக்கிள் பெருகிய 1890களில் பிரான்சில் 'வெலோடாக்' என்ற சிறு ரிவால்வரும் வந்தது. துரத்தும் நாய்களிடமிருந்து மிதிவண்டிக்காரர்களைக் காக்க என்று சொல்லி விற்றார்கள். அதன் குண்டு மிகச் சிறியது. ஆயினும் ஒவ்வொரு புதிய பயண முறையும் தனக்கேற்ற அச்சத்தையும், அந்த அச்சத்துக்கேற்ற ஆயுதத்தையும் உடன் கொண்டுவந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

வாஷிங்டன், 1881

இவ்வகை ரிவால்வரைத் தேர்ந்தெடுத்த செயல்களுள் வரலாற்றில் மிக நுணுக்கமாகப் பதிவானது சார்லஸ் கிட்டோவினுடையது. அரசுப் பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைக் கொல்ல முடிவு செய்த அவர், 1881 ஜூன் மாதம் வாஷிங்டன் கடை ஒன்றில், கடன் வாங்கிய பணத்தில் 0.44 அங்குல வகைப் புல்டாக் ஒன்றை வாங்கினார். மரக் கைப்பிடியா, தந்தக் கைப்பிடியா என்று அவர் தயங்கியதாகவும், பின்னாளில் அருங்காட்சியகத்தில் வைக்கும்போது தந்தமே எடுப்பாக இருக்கும் என்று எண்ணியதாகவும் சொல்வதுண்டு. அந்தத் துப்பாக்கி ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் படமெடுக்கப்பட்டு, பின்னர் தொலைந்துபோயிற்று.

ஜூலை 2 அன்று ரயில் நிலையத்தில் பின்புறமிருந்து இரு முறை சுட்டார். ஒரு குண்டு தோளை உரசிச் சென்றது. மற்றொன்று முதுகில் நுழைந்து, முதுகெலும்பைத் தாக்கிக் கணையத்தின் அருகே தங்கியது. கார்ஃபீல்டு அன்று இறக்கவில்லை. 79 நாள்கள் உயிரோடிருந்து செப்டம்பர் 19 அன்று இறந்தார். இடைப்பட்ட நாள்களில் மருத்துவர்கள் தூய்மைப்படுத்தாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைத் துழாவிக் குண்டைத் தேடினார்கள். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தம் உலோகம் காட்டும் கருவியைக் கொண்டுவந்து தேடியும் பயனில்லை. குண்டு தங்கிய இடத்தில் அப்படியே விடப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும், காயத்தில் பரவிய நோய்த்தொற்றே அவரைக் கொன்றது என்பது பின்வந்த மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. மருத்துவர்களே கொன்றார்கள் என்று கிட்டோவும் நீதிமன்றத்தில் வாதிட்டார். அது எடுபடவில்லை, 1882 ஜூன் 30 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இந்நிகழ்வை இரு வகையாக வாசிக்கலாம். முதலாவது, 'பெருங்குண்டு உடனே வீழ்த்தும்' என்ற விற்பனை வாக்குக்கு அது மறுப்பு. கிட்டத்தட்ட கைக்கெட்டும் தொலைவில் சுட்ட பெருங்குண்டு உயிர்நிலை எதையும் தாக்காமல் தங்கிவிட்டது. இரண்டாவது வாசிப்பு இன்னும் முக்கியமானது. அஞ்சிய பயணிக்கு அக்கருவியை உகந்ததாக்கிய ஒவ்வொரு பண்பும் கொலையாளிக்கும் அவ்வாறே உகந்ததாயிற்று. சட்டைப்பையில் புடைக்காமை, துணியில் சிக்காமை, மிக நெருங்கிய தொலைவுக்கென்றே அமைந்தமை ஆகியவற்றில் எதுவும் ஏந்துபவரின் எண்ணத்தை அறியாது.

கரவும் சட்டமும்

தமிழில் 'கரவு' என்னும் சொல்லுக்கு மறைப்பு என்றும் பொருள். வஞ்சனை, களவு என்றும் பொருள். மறைத்தலையும் வஞ்சித்தலையும் ஒரே சொல்லில் கண்ட அந்த மனநிலை, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் வேறு மொழியில் வெளிப்படுவதைக் காணலாம்.

மறைத்து ஏந்துவதைத் தடைசெய்த சட்டங்கள் அமெரிக்காவில் புல்டாக்குக்கு அரை நூற்றாண்டு மூத்தவை. கென்டக்கியும் லூசியானாவும் 1813இலேயே அவற்றை இயற்றின. கென்டக்கியின் சட்டத்தை 1822இல் அம்மாநில நீதிமன்றம் செல்லாதென்றது. 1850இல் வந்த புதிய அரசமைப்பு, மறைத்து ஏந்துவதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு வெளிப்படையாக வழங்கியது. ஜார்ஜியாவின் உச்ச நீதிமன்றம் 1846இல், மறைத்து ஏந்தத் தடை செல்லும், வெளிப்படையாக ஏந்தத் தடை செல்லாது என்று பிரித்தது. 1850இல் லூசியானா நீதிமன்றம் அதே பிரிவினைக்கு அறநெறிச் சாயம் பூசியது: வெளிப்படையாக ஏந்துவது ஆண்மைக்குரிய தற்காப்பு, ஒளித்து வைப்பது கோழைத்தனமான கொலைக்கு வழி என்பது அதன் கருத்து.

உள்நாட்டுப் போருக்குப் பின் சட்டங்கள் கருவியின் அளவையே குறிவைத்தன. டென்னசி 1879இலும், கார்ஃபீல்டு சுடப்பட்ட அதே 1881இல் ஆர்கன்சாவும், தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்திய பெரிய கைத்துப்பாக்கிகளைத் தவிர்த்த பிற கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தன. சட்டைப்பைத் துப்பாக்கிகளால் பெருகிய கொலைகளைத் தடுக்கும் முயற்சி இது என்பர் ஒருசாரார். படைத்துப்பாக்கியை முன்பே வைத்திருந்த பழைய தெற்குப் படைவீரர்களுக்கு இச்சட்டத்தால் இழப்பில்லை. மலிவான சிறு துப்பாக்கியையே வாங்க இயன்ற ஏழைகளும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் நிராயுதபாணிகளாயினர் என்பர் மறுசாரார். சட்டத்தின் சொற்களில் இனம் பற்றிய குறிப்பு இல்லை. ஒரு சட்டம் யாரைத் தொட்டது என்பதை அதன் வாசகத்தைக் கொண்டு மட்டும் அறிய முடியாது என்பதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு.

மறைவும் மறுபிறப்பும்

1900ஐ ஒட்டிப் புகையற்ற வெடிமருந்தும் தானியங்கிக் கைத்துப்பாக்கியும் வந்தன. லீயேஜ் அருகே பிரவுனிங் வடிவமைப்பில் செய்யப்பட்ட தட்டையான துப்பாக்கிகள் சட்டைப்பையில் புல்டாக்கைவிட நன்றாக அடங்கின. குண்டு சிறிது, வேகம் அதிகம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கியே. நோக்கங்கள் வெகுவாக வேறுபட்டாலும், 1881இன் வாஷிங்டனுக்கும் 1911இன் மணியாச்சிக்கும் இடையே சட்டைப்பை ஆயுதத்தின் தலைமுறை மாறியிருந்தது.

பெருவிட்ட ரிவால்வர் என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை. 1920களில் கோல்ட் நிறுவனத்தின் ஜான் ஹென்றி ஃபிட்ஜெரால்டு, 0.45 அங்குலப் பெரிய ரிவால்வர்களின் குழலை இரண்டு அங்குலமாக வெட்டி, சுத்தியின் நுனியையும் விசைக்காப்பின் முன்பகுதியையும் நீக்கி, தம் கால்சட்டையின் இரு பைகளிலும் ஒவ்வொன்றாக வைத்திருந்தார். 1973இல் சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் 0.44 அங்குலக் குண்டுகள் ஐந்து கொள்ளும், ஏறத்தாழ 540 கிராம் எடையுள்ள ரிவால்வரை வெளியிட்டு, நூறாண்டுப் பழமையான அதே பெயரைச் சூட்டியது: புல்டாக்.

1976இலும் 1977இலும் நியூயார்க்கில் 6 பேரைக் கொன்ற ஒருவன் பயன்படுத்தியது இந்த ரிவால்வர்தான். அவன் யாரென்று அறியுமுன் நாளேடுகள் அவனுக்குக் குண்டின் அளவையே பெயராக்கி, '0.44 காலிபர் கொலைகாரன்' என்றன. விற்பனையாளர் வலிமையின் சான்றாகக் காட்டிய எண், ஒரு நகரத்தின் அச்சத்துக்குப் பெயராயிற்று.

இந்தியாவின் வேறு கேள்வி

அமெரிக்காவில் எழுந்தது எவ்வாறு ஏந்துவது என்ற கேள்வி. இந்தியாவில் அதற்கு முந்தைய கேள்வியே முதன்மை பெற்றது: யார் வைத்திருக்கலாம்? லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அதன் விதிகள் ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தன. புல்டாக்கைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு ரயிலேறிய ஆங்கிலேயர் தற்காப்பு நாடுபவர். அதே கருவியை உரிமமின்றி வைத்திருந்த இந்தியர் குற்றவாளி. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாட்டில் இச்சட்டத்தை நீக்க வேண்டுமென்று பிபின் சந்திர பால் பேசியதை இப்பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அங்கே முன்வைக்கப்பட்டது துப்பாக்கி ஆசையன்று. நம்பிக்கைக்குரிய குடிமக்கள் யார் என்ற கேள்வி.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாடற்றது. உரிமம் எல்லாருக்கும் தேவை. ஆனால் படையும் காவல்துறையும் கையாளும் 0.380, 0.455 அங்குலத் தோட்டாக்களும் 9 மி.மீ. தோட்டாக்களும் ஏற்கும் கைத்துப்பாக்கிகள், விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகையில் சேர்ந்தன. அரசின் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பதே இதன் அடிப்படை. அதனால் சாதாரண உரிமதாரரின் ரிவால்வர் 0.32 அங்குலத்தோடு நின்றது. கான்பூரில் அரசு ஆலை செய்யும் அந்த ரிவால்வர், வெப்லியின் நான்காம் குறி வடிவமைப்பைத் தழுவியது என்பது வரலாற்றின் சிறு வளைவு. பர்மிங்காமின் வடிவம் இங்கே வந்து தங்கிற்று. பர்மிங்காமின் பெருங்குண்டு மட்டும் வரவில்லை.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின், 2014இல் பெண்களுக்கென்று சொல்லி அதே கான்பூரில் 'நிர்பீக்' என்ற இலகு ரிவால்வர் வெளியிடப்பட்டது. எடை ஏறத்தாழ 500 கிராம், குழல்விட்டம் 0.32 அங்குலம், விலை 1,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். பத்திரிகைகள் அந்தப் பெண்ணுக்கு இட்ட 'நிர்பயா' என்ற பெயரும் இந்தத் துப்பாக்கியின் பெயரும் அச்சமற்ற நிலையையே குறிப்பவை. பேருந்தில் பயணம் செய்யும் பெண்ணின் அச்சத்தை முன்வைத்து, பேருந்தில் பயணம் செய்வோர் பெரும்பாலோர் வாங்க இயலாத விலையில் ஒரு பொருள் விற்கப்பட்டது. டென்னசியில் விலை செய்த வேலையை இங்கும் விலை செய்தது.

இன்னொரு முரணும் குறிப்பிடத்தக்கது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. வெளியே காட்டி மிரட்டுவது குற்றம். 1850இன் லூசியானாவுக்கு மறைத்தல் வஞ்சனை; இன்றைய இந்தியாவுக்கு அதுவே ஒழுங்கு. பொருள் ஒன்றே, அதைச் சூழ்ந்த சமூக நம்பிக்கை மாறும்போது 'மறைத்தல்' என்ற சொல்லின் பொருளும் மாறுகிறது.

வரலாறு சாட்சிக்கூண்டில்

இந்த வரலாற்றை இப்போது ஏன் எழுத வேண்டும்? 2022 ஜூன் 23 அன்று நியூயார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மறைத்து ஏந்த உரிமம் கேட்பவர் தனித்த தேவையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தைச் செல்லாதென்றது. ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்பதே இனி அளவுகோல் என்றும் கூறியது. 2024இல் வந்த ரஹிமி தீர்ப்பு, பழைய சட்டத்தின் அச்சான நகல் தேவையில்லை, அதன் அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும் என்று அதைச் சற்றே தளர்த்தியது. ஆகவே 1813இன் கென்டக்கியும் 1879இன் டென்னசியும் இன்று வழக்கறிஞர்களின் ஆவணங்களாகிவிட்டன.

மொழியியலும் இந்த வழக்காடலுக்குள் வந்துவிட்டது. 2008இன் ஹெல்லர் தீர்ப்பு, அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் வரும் 'ஆயுதம் ஏந்துதல்' என்ற தொடரைத் தனிமனிதர் ஆயுதத்தைச் சுமந்து செல்லுதல் என்று கொண்டது. அதற்குப் பின், 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தரவகங்களை ஆய்ந்த டென்னிஸ் பாரன் போன்ற மொழியியலாளர்கள், அத்தொடர் பெரும்பாலும் படைப்பணியைக் குறித்தே வந்துள்ளது என்று காட்டினார்கள். ஒரு வினையின் வழக்கு எண்ணிக்கை, ஒரு நாட்டின் உரிமைச் சட்டத்தில் சான்றாக நிற்கும் அரிய தருணம் இது.

சான்றாக நிற்கும் வரலாறு முழுமையாக நிற்க வேண்டும். மறைத்து ஏந்தத் தடைவிதித்த சட்டங்களை மட்டும் எடுத்துக்காட்டி, அவை யார்மீது பாய்ந்தன என்பதை விடுவது அரை வரலாறு. தற்காப்பு விளம்பரங்களை மட்டும் எடுத்துக்காட்டி, வாஷிங்டன் ரயில் நிலையத்தை விடுவதும் அரை வரலாறே. பொருள்சார் பண்பாட்டு வரலாற்றிலும் சட்ட வரலாற்றிலும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்குப் புல்டாக் நல்லதொரு நுழைவாயில். விற்பனைப் பட்டியலையும் தீர்ப்புத் தொகுப்பையும் அகராதியையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால்தான், ஆறரை சென்டிமீட்டர்க் குழலுக்குப் பின்னால் இருக்கும் சமூகம் புலப்படும். நம் நாட்டின் உரிமக் கோப்புகளும் அத்தகைய வாசிப்புக்காகக் காத்திருக்கின்றன. அத்துறையில் ஆய்வு செய்வோர் இங்கே உரையாடலைத் தொடர வேண்டுகிறேன்.